மலைக்கிராமத்து மைக்ரோகிரிட்: மூன்று கொட்டேஷனும் ஒரு பம்பு மோட்டாரும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் மகன் என் கடைக்கு வந்தான். தண்டையார்பேட்டையில் மோட்டாருக்கு காயில் கட்டுகிற கடை என்னுடையது. பெஞ்சில் கிடந்த செம்புக் கம்பிச் சுருளையும் வார்னிஷ் டப்பாவையும் ஓரமாகத் தள்ளிவிட்டு மூன்று கொட்டேஷனைப் பரப்பி வைத்தான்.

"மாமா, இதுல எதுன்னு நீங்க சொல்லுங்க. செவ்வாக்கிழமைக்குள்ள முதலாளிகிட்ட சொல்லியாகணும்."

அவன் வேலை பார்ப்பது ஒரு சின்ன சோலார் ஒப்பந்தக் கம்பெனியில். மெயின் லைன் ஏறாத ஒரு மலைக்கிராமத்துக்குக் கரண்டு கொடுக்கும் வேலை வந்திருக்கிறது. ஊருக்கென்று தனியாக ஒரு குட்டி கிரிட், அதைத்தான் மைக்ரோகிரிட் என்கிறார்கள். 120 வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு துணை சுகாதார நிலையம், குடிநீர்த் தொட்டிக்கு 10 எச்.பி. மோட்டார், ஒரு மாவு மில். ஒரு நாளைக்கு 180 யூனிட் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 60 கிலோவாட்டுக்கு பேனல், மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீரில் சுற்றும் 5 கிலோவாட் டர்பைன், அவசரத்துக்கு 62.5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர், கிலோவாட்டில் சொன்னால் 50. இது வரைக்கும் முடிவாகிவிட்டது. இவை எல்லாவற்றையும் ஒரே லைனில் கோத்து ஓட்டும்போது ஆடாமல் நிற்க வைப்பது எது என்பதில்தான் மூன்று கொட்டேஷனும் மூன்று திசையில் நின்றன.

முதல் கொட்டேஷன், டீசல் எப்போதும் ஓடட்டும், சோலார் அதன்மேல் சவாரி செய்யட்டும் என்கிறது. இரண்டாவதும் டீசலை ஓடவிடுகிறது. பக்கத்தில் ஒரு சின்ன பேட்டரியை வைத்து ஏற்ற இறக்கத்தை அதன் தலையில் கட்டுகிறது. மூன்றாவதில் பெரிய பேட்டரிதான் தலைவன், டீசல் அணைந்தே கிடக்கும், கூப்பிட்டால் மட்டும் வரும். விலை முதலாவதில் குறைவு. மூன்றாவது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். "பேசாம முதலாவதையே போட்ரலாம்னு முதலாளி சொல்றாரு" என்றான்.

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

வடசென்னைக்காரனுக்கு கரண்டு எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேசின் பிரிட்ஜில் கேஸ் டர்பைன் நிலையம், அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம், வல்லூரில் 500 மெகாவாட் மெஷின் மூன்று. எண்ணூரில் 450 மெகாவாட் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்படும்வரை எங்கள் வீட்டு மொட்டை மாடித் துணியில் சாம்பல் படியாத நாள் குறைவு. அந்த ராட்சத டர்பைன்கள் கரண்டு கொடுப்பது மட்டுமல்ல, நமக்குத் தெரியாமல் இன்னொரு காரியமும் செய்கின்றன. நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும் பல டன் எடையுள்ள இரும்பு அது. வெட் கிரைண்டரை அணைத்த பிறகும் கல் கொஞ்ச நேரம் சுற்றுகிறதே, அந்த உந்தம் தேசம் முழுவதிலும் சுற்றுகிற எல்லா டர்பைனையும் கூட்டினால் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தெற்கு கிரிட் 2013 டிசம்பர் 31 அன்று மற்ற கிரிட்டுகளோடு இணைந்ததிலிருந்து இந்தியா முழுவதும் ஒரே தாளத்தில், 50 ஹெர்ட்ஸில் சுற்றுகிறது. 200 ஜிகாவாட் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வல்லூரில் ஒரு 500 மெகாவாட் மெஷின் சட்டென்று நின்றாலும் அதிர்வெண் நொடிக்கு 0.02 ஹெர்ட்ஸ் அளவில்தான் இறங்கும். மற்ற நிலையங்கள் மெதுவாகச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள நேரம் இருக்கிறது. 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி, பெரும்பாலான நேரம் வைத்தும் விடுகிறார்கள்.

மலையில் அந்த ஆடம்பரம் கிடையாது. ஒற்றை 62.5 கேவிஏ ஜெனரேட்டர் ஓடுகிறது, அதன்மேல் 10 கிலோவாட் திடீரென்று ஏறுகிறது என்று வையுங்கள். எஞ்சின் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் கவர்னர் விழித்துக்கொண்டு டீசலைத் திறப்பதற்குள் அதிர்வெண் நொடிக்கு 4 ஹெர்ட்ஸ் வேகத்தில் சரியும். இங்கே கால் நொடிதான் அவகாசம். ஆக, தூரத்து மைக்ரோகிரிட்டில் சோலார் போதுமா, பேட்டரி போதுமா என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி. அந்தக் கால் நொடியை யார் தாங்குவது என்பதே முதல் கேள்வி. மூன்று கொட்டேஷனில் ஒன்றுகூட அதை முதல் பக்கத்தில் எழுதவில்லை.

இது எனக்குப் புத்தகத்தில் புரிந்த விஷயம் இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தது. எங்கள் பக்கம் கம்பமும் மரமும் சாய்ந்து நாள்கணக்கில் கரண்டு இல்லை. மூன்றாவது நாள் எனக்குத் தெரிந்த கல்யாண மண்டபக்காரர் ஒருவர் ஆள் அனுப்பினார். மாடியில் புத்தம்புது சோலார் பேனல், மேலே நல்ல வெயில், கீழே கும்மிருட்டு. "இத்தனை லட்சம் போட்டிருக்கேன், வெயில் அடிக்குது, ஏன்யா ஓட மாட்டேங்குது?" என்று என்னைத்தான் திட்டினார், நான் அதைப் போடவே இல்லை. வீட்டு மாடிகளில் போடும் சாதாரண சோலார் இன்வெர்டர், அதாவது பேனல் கரண்டை லைன் கரண்டாக மாற்றும் பெட்டி, லைனில் வருகிற தாளத்தைக் கேட்டு அதோடு சேர்ந்து தள்ளும், அவ்வளவுதான். லைன் செத்தால் இரண்டு நொடிக்குள் அதுவும் நின்றுவிட வேண்டும். லைனில் ஏறி வேலை செய்கிற ஆள் ஷாக் அடித்துச் சாகக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

சரி, மண்டபத்து ஜெனரேட்டரை ஓட்டி அந்தத் தாளத்தைக் கொடுத்தால் சோலார் விழித்துக்கொள்ளுமே என்று ஒரு எலெக்ட்ரீஷியன் யோசித்தார். விழித்துக்கொள்ளவும் செய்தது. மண்டபத்தில் எரிந்ததோ பத்து பதினைந்து லைட்டு. சோலார் தள்ளியதில் மிச்சம் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பி ஏறியது, எஞ்சின் வேகம் பிடித்தது, வோல்டேஜ் எகிறியது, சோலார் பயந்து ட்ரிப் ஆனது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி வந்தது, மறுபடி எகிறியது. நான் போய்ச் சேர்ந்தபோது நாலாவது சுற்று நடந்துகொண்டிருந்தது. சோலார் மெயினை இறக்கிவிட்டு டீ குடிக்கச் சொன்னேன்.

முதல் கொட்டேஷன் அந்த மண்டபம்தான். கொஞ்சம் ஒழுங்கு செய்யப்பட்ட மண்டபம், அவ்வளவே. அதில் ஒரு கண்ட்ரோலர் இருக்கும், ஜெனரேட்டர் மேல் உள்ள லோடு 30 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி சோலாரைக் கட்டிப்போடும். டீசல் எஞ்சினை அதற்குக் கீழே நாள்கணக்கில் ஓட்டினால் எண்ணெய் முழுதாக எரியாது, சைலன்சரில் கறுப்பாக ஒழுகும், பிஸ்டன் ரிங் பிடிக்கும். ஆக 50 கிலோவாட் ஜெனரேட்டருக்குக் குறைந்தது 15 கிலோவாட் எப்போதும் கொடுத்தாக வேண்டும். கிராமத்தின் பகல் லோடே பத்துப் பன்னிரண்டு கிலோவாட்தான் என்றால் சோலாருக்கு என்ன மிச்சம்? பேனல் மாடு மேய்க்கப் போகலாம்.

டீசல் கணக்கையும் பெஞ்சிலேயே போட்டோம். பொதுவாக ஜெனரேட்டர் சும்மா சுற்றுவதற்கே ஒவ்வொரு கிலோவாட் கொள்ளளவுக்கும் மணிக்கு 0.08 லிட்டர் குடிக்கும், அதற்குமேல் கொடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கால் லிட்டர். 50 கிலோவாட் மெஷின் 24 மணி நேரம் ஓடி 180 யூனிட் கொடுத்தால் நாளைக்கு 140 லிட்டரைத் தாண்டும். லிட்டர் 90 ரூபாய் என்றே வைத்தாலும் யூனிட்டுக்கு 70 ரூபாய். இன்னும் மலைமேல் ஜீப்பில் ஏற்றும் கூலியைச் சேர்க்கவில்லை. மழையில் பாதை அறுந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்க்கவில்லை. இரவுக்கென்று 15 கேவிஏ குட்டி ஜெனரேட்டர் ஒன்றைச் சேர்த்தால் செலவு ஓரளவு இறங்கும். ஆனாலும் தினம் டீசல், தினம் ஒரு ஆள்.

ஆனால் டீசலை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஷார்ட் சர்க்யூட் ஆனால், ஜெனரேட்டரில் கரண்டு எடுக்கும் பாகமான ஆல்டர்னேட்டர் தன் அளவைப்போல நாலைந்து மடங்கு ஆம்பியரைத் தூக்கிக் கொடுக்கும். ஃபியூஸ் உடனே போகும், ஃபியூஸ் வேலையைச் செய்யும் சுவிட்சான எம்சிபி உடனே விழும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் முக்கி முனகியாவது இழுத்துவிடும். கெட்டுப்போனால் எந்த ஊரிலும் ஒரு மெக்கானிக் இருப்பார். மூன்றாவது கொட்டேஷன்காரர் இந்த மூன்றையும் வேறு வழியில் கொடுத்தால்தான் அவர் டீசலை அணைக்கத் தகுதியானவர். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இரண்டாவது கொட்டேஷன் பார்க்க புத்திசாலித்தனமாகத் தெரியும். மேகம் மறைத்தால் சோலார் ஒரு நிமிடத்துக்குள் பாதிக்கும் கீழே விழும், பேட்டரி அந்த இடைவெளியை நிரப்பும், டீசல் நிதானமாக ஏறிக்கொள்ளும். இந்த முறை சரியாகப் பொருந்துகிற இடங்கள் இருக்கின்றன. நம் துறைமுகத்திலிருந்து கப்பல் போகிற அந்தமானையே எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம், காலங்காலமாக டீசல் பவர் ஹவுஸில் ஓடுகிற ஊர். அங்கே 2020-ல் நம் நெய்வேலி நிறுவனம் 20 மெகாவாட் சோலாரும் 8 மெகாவாட்-மணி, அதாவது 8000 யூனிட், பேட்டரியும் போட்டது. 20-க்கு 8 என்றால் முழு வேகத்தில் அரை மணி நேரம்கூட வராது. ராத்திரிக்கு விளக்கெரிக்க வைத்த பேட்டரி இல்லை அது. மேகம் வந்து போகும்போது டீசல் மெஷின்கள் தடுமாறாமல் இருக்க வைத்தது. மெகாவாட் கணக்கில் பல மெஷின்கள் ஏற்கெனவே ஓடுகின்றன, ஷிஃப்ட் போட்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் இதுவே சரியான வழி, நானும் இதையே சொல்வேன்.

மலைக்கிராமத்தில் இருப்பது ஒரே ஒரு ஜெனரேட்டர். இரண்டாவது கொட்டேஷனில் எழுதியிருந்த பேட்டரி இன்வெர்டர், மண்டபத்து சோலாரைப் போலவே தாளத்தைக் கேட்டு ஓடுகிற ஜாதி. டீசல் நின்றால் பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் ஊர் இருண்டுவிடும். கொட்டேஷனில் 14-ஆம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது அந்த வரி. மருமகனிடம் காட்டினேன். "அப்ப இதுக்கு எதுக்கு மாமா பேட்டரி?" என்றான். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

மூன்றாவதில் உள்ள இன்வெர்டர் வேறு ஜாதி, கிரிட் ஃபார்மிங் என்பார்கள். காசிமேட்டில் படகைக் கரையேற்றும்போது பார்த்திருப்பீர்கள். ஒருவன் 'ஏலேலோ' எடுப்பான், மற்றவர்கள் 'ஐலசா' சொல்லி இழுப்பார்கள். முதல் இரண்டு கொட்டேஷனில் ஏலேலோ பாடும் உரிமை டீசலுக்கு மட்டும். மூன்றாவதில் பேட்டரி இன்வெர்டர் தானே குரல் எடுக்கும். 50 ஹெர்ட்ஸும் 415 வோல்ட்டும் அதன் உற்பத்தி. லோடு ஏறினால் கண் இமைப்பதற்குள் ஆம்பியர் கூட்டும், கவர்னர் திறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

இது நடைமுறைக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அமெரிக்க சமோவாவைச் சேர்ந்த தவூ என்ற தீவில் சுமார் 600 பேர். 2016-ல் 1.4 மெகாவாட் சோலாரும் 6 மெகாவாட்-மணி பேட்டரியும் போட்டு டீசலை ஓரங்கட்டினார்கள், வெயிலே இல்லாவிட்டாலும் மூன்று நாள் தாங்கும் என்பது திட்டம். கரீபியனில் சின்ட் யூஸ்டேஷியஸ் தீவிலும் பகலில் ஜெனரேட்டர்களை முழுவதுமாக நிறுத்திவிட்டு பேட்டரி இன்வெர்டரே கிரிட்டை நடத்துகிறது. நம் லட்சத்தீவிலும் கவரத்தியில் 1.7 மெகாவாட் சோலாரோடு 1.4 மெகாவாட்-மணி பேட்டரி 2024 ஜனவரியில் வந்தது. பேட்டரியும் பேனலும் எவ்வளவுக்கு எவ்வளவு என்று தவூவையும் கவரத்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, யார் டீசலை அணைக்க நினைத்தார்கள், யார் டீசலைக் குறைக்க மட்டும் நினைத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

இந்த முறையில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. பேட்டரி நிறைந்துவிட்டது, வெயில் இன்னும் அடிக்கிறது என்றால் மாஸ்டர் இன்வெர்டர் அதிர்வெண்ணைக் கொஞ்சம் உயர்த்தும், 51, 51.5 என்று. அதைப் பார்த்த சோலார் இன்வெர்டர்கள் தாமாகவே குறைத்துக்கொள்ளும். பேட்டரி காலியாகிறது என்றால் 49 பக்கம் இறக்கும், அதைப் பார்த்து பம்பு நிற்கும். தனியாகத் தகவல் வயர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், சர்வர் வேண்டாம். கரண்டு போகிற அதே வயரில் செய்தியும் போகிறது. இதற்கு மாற்றாக, நடுவில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் கேபிள் இழுத்து உத்தரவு போடும் முறையும் உண்டு. பெரிய ஊருக்குச் சரி. மலையில் இடி இடித்தால் முதலில் போவது அந்த கம்யூனிகேஷன் கார்டுதான். அது போனாலும் ஊர் எரிய வேண்டும். அறிக்கை அனுப்புவதற்கு மட்டும் அந்தக் கம்ப்யூட்டர் இருந்துவிட்டுப் போகட்டும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. எல்லா சோலார் இன்வெர்டரிலும் ஒரே அளவு செட் செய்து, அந்த அளவைத் தாண்டினால் படிப்படியாகக் குறையாமல் மொத்தமாக ட்ரிப் ஆகும்படி விட்டுவிட்டால், 60 கிலோவாட்டும் ஒரே நொடியில் காணாமல் போய் முழு லோடும் பேட்டரி தலையில் விழும். குறைக்கத் தெரிந்த இன்வெர்டரா, அந்த வசதி திறந்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று எழுதி வாங்க வேண்டும்.

இப்போது டீசலின் மூன்று நல்ல குணங்களுக்கு வருகிறேன்.

முதலில் ஷார்ட் சர்க்யூட். இன்வெர்டருக்குள் இருப்பது செமிகண்டக்டர். தன் அளவைப்போல ஒன்றேகால், ஒன்றரை மடங்குக்கு மேல் ஆம்பியர் கொடுத்தால் அதுவே செத்துவிடும், அதனால் கொடுக்காது. நம் வீடுகளில் மாட்டுகிற சி வகை எம்சிபி உடனடியாக விழ அதன் அளவைப்போல ஐந்திலிருந்து பத்து மடங்கு ஓட வேண்டும். விளைவு என்ன? மலைக்கிராமத்தின் கடைசித் தெருவில் வயர் அறுந்து மண்ணில் கிடந்தால் எம்சிபி விழாமலேயே போகலாம். தெரு வயர் செத்துக் கிடக்கிறது என்று நினைத்து ஒரு பிள்ளை மிதித்தால்? மூன்றாவது கொட்டேஷன்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. வீட்டு எம்சிபி மூன்றிலிருந்து ஐந்து மடங்கில் விழும் பி வகையாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வீட்டிலும் கரண்டு மண்ணுக்குக் கசிந்தால் அறுத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும், ஊருக்குள் கரண்டு கொண்டுபோகும் ஃபீடர் லைனைத் தெருவுக்குத் தெரு பிரித்துச் சின்ன அளவு பிரேக்கர் வைக்க வேண்டும். டீசல் அணைந்திருக்கும்போது நியூட்ரலுக்கு எர்த் எங்கே என்பதையும் கேட்க வேண்டும். நியூட்ரல் எர்த்தை ஜெனரேட்டரில் மட்டும் கொடுத்துவிட்டு, அது பிரிந்ததும் ஆர்சிசிபி எல்லாம் பொம்மையாகிவிடுகிற வேலையை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

இந்தச் செலவுகளைச் சேர்த்துத்தான் மூன்றாவதை முதலாவதோடு ஒப்பிட வேண்டும். சேர்த்த பிறகும் மூன்றாவதே ஜெயிக்கிறது, ஆனால் சேர்க்காமல் ஒப்பிடுவது ஏமாற்று.

அடுத்தது மோட்டார். 10 எச்.பி. மோட்டார் ஓடும்போது பத்து கேவிஏ அளவில் எடுக்கும், நேரடி ஸ்டார்ட்டரில் போட்டால் தொடங்குகிற நொடிகளில் ஆறு மடங்கு, 60 கேவிஏ. கொட்டேஷனில் இருந்தது 50 கேவிஏ இன்வெர்டர், கொஞ்ச நொடிக்கு 75 வரை தாங்கும். சாயங்காலம் வீடுகளில் 20 ஓடும்போது யாராவது பம்பைப் போட்டால் 80. ஊரே இருட்டு. இதைச் சரிசெய்ய 100 கேவிஏ இன்வெர்டர் போடலாம் என்று விற்பவர் சொல்லியிருக்கிறார், சொல்லாமல் இருப்பாரா? பம்புக்கு மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி ஒன்று, மாவு மில்லுக்கு ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் வேலை முடிந்தது. விஎஃப்டி வைத்தால் பம்பு மெதுவாக வேகம் பிடிக்கும், ஓடுகிற ஆம்பியரைத் தாண்டவே தாண்டாது. இன்வெர்டரை இரட்டிப்பாக்கும் செலவோடு பார்த்தால் இது கைச்செலவு. இரண்டு மோட்டாரையும் வெயில் நேரத்தில், காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் மட்டும் ஓடும்படி டைமரும் அதிர்வெண் ரிலேயும் வைத்தால் பேட்டரியும் சின்னதாகலாம்.

ஸ்காட்லாந்தில் எக் என்று ஒரு குட்டித் தீவு, நூறு பேர் அளவில் வாழ்கிறார்கள். 2008-லிருந்து நீர், காற்று, வெயில் மூன்றையும் கலந்து சொந்த கிரிட் நடத்துகிறார்கள். ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட், தொழில் செய்கிற இடத்துக்கு 10 கிலோவாட், அதற்குமேல் எடுத்தால் கட். கெட்டிலும் வாஷிங் மெஷினும் ஒன்றாகப் போடக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். நம் மலைக்கிராமத்துக்கு வீட்டுக்கு அரை கிலோவாட் போதும், ஆனால் அந்த வரம்பு ஆரம்ப நாளிலிருந்தே மீட்டரில் இருக்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து வைத்தால் சண்டை வரும்.

மூன்றாவது குணம், மெக்கானிக். இதற்கு எனக்கும் முழுப் பதில் இல்லை. இன்வெர்டர் போர்டு போனால் உள்ளூரில் யாரும் சால்டர் வைக்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் நம்ப வேண்டாம், 25 கேவிஏ மூன்று பெட்டியாக வாங்கு என்றேன். ஒன்று போனாலும் இரண்டு தாங்கும், ஊர் கொஞ்சம் சிக்கனமாக இருந்தால் போதும். செட்டிங் பாஸ்வேர்டை கம்பெனியே வைத்துக்கொள்வேன் என்றால் கையெழுத்துப் போடாதே என்றும் சொன்னேன். பீகாரில் தர்ணாய் என்ற ஊரில் 2014-ல் 100 கிலோவாட் மைக்ரோகிரிட் தொடங்கினார்கள், நாடே பேசியது. மூன்று வருஷத்தில் பேட்டரி ஓய்ந்தது, மாற்ற ஆளில்லை, அதற்குள் மெயின் லைனும் மலிவாக வந்துவிட்டது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பழைய ஆசிட் பேட்டரியைவிட மூன்று நாலு மடங்கு சுற்று தாங்கும், மலையில் குளிர் வேறு, தண்டையார்பேட்டை மே மாத வெயிலில் வைப்பதைவிட நன்றாகவே உழைக்கும். ஆனாலும் மாற்று பேட்டரிக்கான பணம் முதல் மாத பில்லிலிருந்தே தனிக் கணக்கில் விழ வேண்டும்.

மருமகன் கேட்டான், "மாமா, நெட்டுல ஃபிளைவீல்னு போட்டிருக்கானே, அது?"

கேட்டிருக்கக் கூடாது, எனக்குப் பிடித்த விஷயம். பேட்டரியோடு கூட ஒரு கனத்த சக்கரத்தையோ, எஞ்சினில்லாமல் சும்மா சுற்றும் ஆல்டர்னேட்டரையோ லைனில் விட்டுவிட்டால் உந்தமும் கிடைக்கும், ஷார்ட் சர்க்யூட் ஆம்பியரும் கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவைச் சேர்ந்த கிங் தீவில் அப்படித்தான் செய்தார்கள். 2.45 மெகாவாட் காற்றாலை, 3 மெகாவாட் பேட்டரி, 1 எம்விஏ ஃபிளைவீல் இரண்டு, மிஞ்சும் கரண்டை நொடியில் கூட்டிக் குறைத்து எரிக்க 1.5 மெகாவாட் ரெசிஸ்டர். காற்று நன்றாக அடிக்கும்போது டீசல் முழுவதும் நின்றுவிடும். அலாஸ்காவில் கோடியாக் தீவில் ஏற்கெனவே காற்றாலையும் நீர்மின்சாரமும் பேட்டரியும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. துறைமுகத்தில் பெரிய மின்சார கிரேன் வருகிறது என்றதும் 2015-ல் 1 மெகாவாட் ஃபிளைவீல் இரண்டு போட்டார்கள். கன்டெய்னரைத் தூக்கும் அந்த நொடிகளின் இழுப்பைத் தினமும் பேட்டரி தாங்கினால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். ராயபுரத்தில் நின்று துறைமுகத்து கிரேன்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது சட்டென்று புரியும்.

பழைய 60 கேவிஏ ஆல்டர்னேட்டர் ஒன்று கடை மூலையில் கிடக்கிறது. அதையே காயில் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று எனக்குக் கை அரித்தது. கணக்குப் போட்டேன். சும்மா சுற்றுவதற்கே இரண்டிலிருந்து மூன்று கிலோவாட் தின்னும். நாள் முழுக்க என்றால் 50 யூனிட்டுக்கு மேல். கிராமமே எடுப்பது 180. நாலில் ஒரு பங்கைச் சக்கரம் சுற்றவே கொடுக்க முடியுமா? மெகாவாட் ஓடுகிற தீவுக்கு அது நியாயம், 120 வீட்டுக்கு இல்லை. ஆல்டர்னேட்டர் மூலையிலேயே இருக்கட்டும்.

கானரித் தீவுகளில் எல் ஹியர்ரோவில் செய்தது போல மலைமேல் தண்ணீர் ஏற்றி வைத்து இறக்கலாமே என்றும் கேட்டான். அங்கே 11.5 மெகாவாட் காற்றாலையும் 11.3 மெகாவாட் நீர் டர்பைனும், எரிமலை வாயிலேயே ஒரு ஏரியும். 2019-ல் இருபத்துநாலு நாளுக்கும் மேல் தொடர்ச்சியாக டீசலே இல்லாமல் ஓடியது. நமக்கு அந்த அளவு குழியும் கிடையாது, காசும் கிடையாது.

ஓடை டர்பைன் மட்டும் ஒரு சின்ன சிக்கல். சோலாரைக் குறைத்துக்கொள்ளச் சொல்லலாம், தண்ணீரை அப்படிச் சொல்ல முடியாது. மழைக்கால நடு ராத்திரி, பேட்டரி நிறைந்து கிடக்கும்போது அந்த 5 கிலோவாட் எங்கே போகும்? ஒரு ஹீட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு மிச்சத்தை அதில் விடச் சொன்னேன். சுகாதார நிலையத்தில் பிரசவத்துக்கு வந்தவர்களுக்கு வெந்நீராவது கிடைக்கும்.

ஆக நான் எழுதிக் கொடுத்தது மூன்றாவது கொட்டேஷன், ஆனால் அவர்கள் எழுதிய மாதிரி இல்லை. இன்வெர்டர் ஒன்று அல்ல, 25 கேவிஏ மூன்று, மூன்றுமே தாளம் எடுக்கத் தெரிந்தவை. பேட்டரி 200 யூனிட் அளவு, ஒரு ராத்திரியும் மேகமான ஒரு காலையும் தாங்க. டீசல் 62.5 வேண்டாம், 30 கேவிஏ போதும். அது ஓடும்போது பேட்டரியையும் சேர்த்து சார்ஜ் செய்து முக்கால் லோடில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடி நிற்கட்டும். ஜெனரேட்டர் சின்னதானதில் மிச்சமாகும் பணத்தில் விஎஃப்டியும் ஆர்சிசிபியும் வாங்கிவிடலாம். ஒப்படைக்கும் நாளில் நான்கு சோதனை: உச்சி வெயிலில் ஃபீடரைப் பிடுங்க வேண்டும், ராத்திரியில் பம்பைப் போட வேண்டும், ஒரு இன்வெர்டரை நிறுத்த வேண்டும், முழு ஊரையும் அணைத்துவிட்டு டீசலில்லாமல் எழுப்பிக் காட்ட வேண்டும். நான்கிலும் விளக்கு மினுங்கலாம், அணையக் கூடாது, நாலாவதைத் தவிர.

செவ்வாய்க்கிழமை ராத்திரி போன் செய்தான். முதலாளி ஜெனரேட்டரைச் சின்னதாக்கச் சம்மதித்துவிட்டார், மூன்று இன்வெர்டருக்கு முகத்தைச் சுளித்திருக்கிறார், கடைசியில் இரண்டு 35-க்கு இறங்கி வந்திருக்கிறார். எம்சிபியை பி வகையாக மாற்றியாகிவிட்டது. விஎஃப்டிதான் தேவையா என்று இழுக்கிறாராம். வரும் சனிக்கிழமை முதலாளியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பெஞ்சில் 10 எச்.பி. மோட்டார் ஒன்று காயில் கட்டி முடிந்து கிடக்கிறது, கிளாம்ப் மீட்டரும் இருக்கிறது. ஸ்டார்ட் பண்ணும்போது முள் எங்கே போகிறது என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.